அப்பா ஓட்டி வந்த கார்

மாமா நாளைக் காலை ஊரை விட்டுப் போகிறார். மகன் இருக்கும் ஊருக்கு, ஒரேயடியாக. லாரி பேசியாகிவிட்டது. வீட்டுச் சாமான்களோடு அவருடைய இத்தாலியக் குட்டிக் காரும் அதில் ஏறிப் போகும்.

அம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசை. அண்ணன் போவதற்கு முன்னால் அவரும் அப்பாவும் எங்கள் வீட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். போன வாரம் முழுக்க இரண்டு பக்கமும் தூது போய்ப் பார்த்தாள்.

"அவர் கூப்பிட்டா வரேன்" என்றார் மாமா.

"வந்தா கூப்பிடறேன்" என்றார் அப்பா.

இருவரும் பேசாமல் போனதற்குக் காரணம் ஒரு மார்க்.

அப்பா பல் டாக்டர். மாமா லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய், இதில் ஆள் ஏறலாம், இதில் ஏறக்கூடாது என்று சொல்வது அவர் வேலை. ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்துதான் இரண்டு பழைய ஃபியட் ஐந்நூறு வாங்கினார்கள். சேர்ந்தே பிரித்தார்கள், சேர்ந்தே மாட்டினார்கள். ஒரே டப்பா வெள்ளைப் பெயிண்ட்டை இரண்டுக்கும் அடித்தார்கள். ஒரே துணியில் அம்மா இரண்டுக்கும் சீட் உறை தைத்துக் கொடுத்தாள்.

பிறகு குட்டிக் கார் சங்கத்தின் ஆண்டுப் போட்டி வந்தது. எந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே இருக்கிறதோ அதற்குத்தான் கோப்பை. அந்த வருஷம் நடுவர் மாமா. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சின்ன எச்சரிக்கை விளக்கு உண்டு. சாவியைத் திருப்பினால் எரியும், இன்ஜின் ஓட ஆரம்பித்தால் அணைந்துவிடும். அப்பாவின் வண்டியில் அந்த விளக்கின் சிவப்புக் கண்ணாடி உடைந்திருந்தது. அவர் கிளினிக்கில் ஏதோ ஒரு மெஷினிலிருந்து ஆரஞ்சுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து அதில் ஒட்டியிருந்தார்.

மாமா குனிந்து பார்த்தார். ஒரு மார்க் குறைத்தார். கோப்பை வேறு யாருக்கோ போயிற்று.

"சொந்த மச்சான்! ஒரு மார்க்!" என்றார் அப்பா.

"சொந்தக்காரர்னா ஆரஞ்சு சிவப்பாயிடுமா?" என்றார் மாமா.

அதோடு சரி. அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "நான் தினம் எத்தனை பிள்ளைங்களுக்கு ஒரு மார்க் குறைக்கறேன். எவனாவது வருஷக்கணக்கா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறானா?" என்று அவ்வப்போது சுவரைப் பார்த்துக் கேட்பாள்.

இன்று காலை சங்கத்தின் கூட்டம். மாமா கலந்துகொள்ளும் கடைசிக் கூட்டம்.

மைதானத்தில் எல்லா வண்டிகளையும் சுவரைப் பார்த்து வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். படம் அழகாக வரவேண்டும் என்று செயலாளர் ஒவ்வொரு வண்டியின் நம்பர் பலகை மேலும் சங்கத்தின் அட்டையைக் கட்டிவிட்டிருந்தார். சங்கத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. ஃபியட் அறுநூறு வைத்திருப்பவர் அறுநூறு. கூரைத் துணி கிழிந்தவர் கூரை. ஆனால் எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து எல்லாருக்கும் தெரியும் என்பதால் அப்பாவை வரிசையின் இந்தக் கோடியிலும் மாமாவை அந்தக் கோடியிலும் நிற்கவைத்தார்கள்.

வண்டிகளைப் பற்றி யாரும் அவ்வளவு யோசிக்கவில்லை. அவை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

மாமாவுக்கு மாலை போட்டு, நாலு பேர் பேசி, ஐந்தாமவர் மைக்கைப் பிடித்தபோது மழை கொட்டியது. எல்லாரும் ஓடினார்கள். அப்பா ஓடினார். நானும் அம்மாவும் பின்னால் ஓடினோம். கதவைத் திறந்தார், ஏறினோம், கிளம்பினோம்.

அந்த வயதுப் பூட்டுகளுக்குச் சாவி என்பது ஒரு மரியாதைக்குத்தான். ஸ்பூன் போட்டாலும் கதவு திறக்கும், வண்டியும் கிளம்பும்.

வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டே வந்தார். நான் பின் சீட்டில் முழங்காலைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கேக்குதா? இன்ஜினக் கேளு."

"கேக்குது" என்றாள் அம்மா.

"போன வாரம் கார்பரேட்டர்ல ஒரு சின்ன வேலை பண்ணேன். பல் நரம்பு தேடற ஊசியாலதான். எவ்வளவு நைசா ஓடுது பாரு! கியர் விழறத பாரு, வெண்ணெய்ல கத்தி இறங்கற மாதிரி. எவன்கிட்டயாவது இப்படி ஒரு வண்டி இருக்கா?"

"யாருகிட்டயோ இருக்கு" என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வண்டியை ஷெட்டில் விட்டார். சட்டை கூட மாற்றவில்லை.

"நீ போன எடு. இந்தச் சத்தத்தப் பதிவு பண்ணிக் குழுவுல போடணும். சில பேர் கேக்கட்டும்."

சில பேர் என்றால் ஒருவர். எனக்குத் தெரியும்.

நான் கதவருகே குனிந்து போனை நீட்டினேன். அப்பா சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் தரையில் இருக்கும் கைப்பிடியை இழுத்தார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. விளக்கு அணைந்தது.

கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குக் கண் பரிசோதிப்பது என் வேலை. வட்டத்துக்குள் என்ன நிறம் தெரிகிறது என்று நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்கிறவள். எரிந்தது சிவப்பு.

ஆரஞ்சு இல்லை. சுத்தமான, தொழிற்சாலைச் சிவப்பு.

"அப்பா" என்றேன்.

"உஷ்! பதிவாகுது."

அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். பிறகு போனை வாங்கி, "என் கை பட்ட இன்ஜின். கேட்டு மகிழுங்கள்" என்று எழுதிச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டார்.

நான் உள்ளே ஓடினேன். அம்மா சமையலறையில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது நம்ம வண்டி இல்ல."

"மெதுவாப் பேசு."

"உனக்குத் தெரியுமா?"

"ஏறினப்பவே தெரியும். என் பக்கத்துக் கதவு ஒரே தடவைல சாத்திக்கிச்சு. நம்ம வண்டில மூணு தடவை அடிச்சாத்தானே சாத்தும்?"

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே!"

"என்னன்னு சொல்றது? கல்யாணமானதுலேர்ந்து எங்கண்ணன் வேலைய உங்கப்பா இவ்வளவு புகழ்ந்து நான் கேட்டதே இல்ல. கொஞ்ச நேரம் கேட்டுக்கலாமேன்னு இருந்துட்டேன்."

வெளியே அப்பா கத்தினார். எதுவோ விழுந்துவிட்டது என்று நினைத்து ஓடினோம். அவர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பதில் போட்டிருக்கான்! என் செய்திக்குப் பதில் போட்டிருக்கான்!"

குரல் செய்தியை ஓடவிட்டார். மாமாவின் குரல். வருஷக்கணக்கில் எங்கள் வீட்டுக்குள் கேட்காத குரல்.

"தகர டப்பால கூழாங்கல்லப் போட்டுக் குலுக்கற மாதிரி இருக்கு. வால்வு அடிக்குது. இதுல மகிழறதுக்கு ஒண்ணும் இல்ல."

"பொறாமை!" என்றார் அப்பா. "அப்பட்டமான பொறாமை!" ஆனால் இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். அப்புறம் இன்னொரு தடவை. அவர் முகத்தில் கோபம் இருந்தது, கூடவே வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. பல் வலி நின்றவர்கள் கிளினிக்கிலிருந்து வெளியே வரும்போது இருக்குமே, அது மாதிரி.

அம்மா அதைக் கவனித்தாள். பேசாமல் கொல்லைப்புறம் போய் அத்தைக்குப் போன் செய்தாள். அத்தை மாமாவின் மனைவி. ஆண்கள் பேசாத இத்தனை வருஷமும் இவர்கள் இருவரும் ஒரு நாள் விடாமல் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"அண்ணி, அண்ணன் என்ன பண்றாரு?"

"அத ஏன் கேக்கற" என்றாள் அத்தை. ஸ்பீக்கரில் பின்னால் ஸ்பானர் விழும் சத்தம் கேட்டது. "வந்ததுலேர்ந்து மாலையக்கூடக் கழட்டல. காலைல நல்லா இருந்த வண்டி, மழைல நனைஞ்சதும் செத்துப்போச்சாம். கியர் விழலையாம், இழுக்கலையாம், கதவு சாத்தலையாம். நாளைக்கு லாரில ஏத்தணுமேன்னு இன்ஜினத் திறந்து கார்பரேட்டரக் கழட்டிப் பிரிச்சுப் போட்டுட்டாரு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அழறியா?" என்றாள் அத்தை.

"இல்ல அண்ணி. அவர் பிரிச்சுப் போட்டிருக்கறது எங்க வீட்டு வண்டி."

அத்தை உள்ளே நகர்ந்தாள் போல, ஸ்பானர் சத்தம் குறைந்தது. பிறகு அத்தையும் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

"நான் சொல்லட்டுமா அவர்கிட்ட?"

"வேணாம். அவர் பாட்டுக்குப் பிரிக்கட்டும். சமையல் ஏதாவது பண்ணிட்டீங்களா?"

"எதுல பண்றது? பாத்திரமெல்லாம் பெட்டிக்குள்ள போயாச்சு. ரொட்டி வாங்கி வச்சிருக்கேன்."

"அத அப்படியே வைங்க" என்று அம்மா போனை வைத்தாள்.

அப்பாவிடம் சொல்லும் வேலையை அம்மா எனக்குத் தரவில்லை. ஷெட்டுக்குப் போய்ச் சாவியைத் திருப்பினாள்.

"இங்க வாங்க. இது என்ன கலர்?"

"அந்த விளக்கக் காட்டாத. அதப் பாத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். அந்தப் பக்கமே நான் பாக்கறதில்ல."

"தெரியுது. இன்னிக்குப் பாருங்க."

அப்பா பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு காரின் முன்பக்கம் போய் அட்டையைத் தூக்கி நம்பரைப் பார்த்தார். அட்டையைக் கீழே விட்டார். ஷெட்டில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார்.

"அப்ப... அந்தச் சத்தம்?"

"எங்கண்ணன் வண்டிச் சத்தம்."

"என் கை பட்ட இன்ஜின்னு போட்டேனே."

"சாவிய மட்டும்தான் உங்க கை தொட்டுச்சு."

அவர் போனை எடுத்துச் செய்தியை அழிக்கப் பார்த்தார். அதற்குள் அறுநூறு ஒரு கைதட்டல் போட்டிருந்தார். கூரை நெருப்புப் படம் போட்டிருந்தார். செயலாளர், 'அடுத்த கூட்டத்தில் நீங்கள் இது பற்றிப் பேச வேண்டும்' என்று எழுதியிருந்தார்.

அப்பா தலையில் கை வைத்தார். திடீரென்று நிமிர்ந்தார். "இரு. தகர டப்பான்னு சொன்னது?"

"அவர் வண்டியத்தான்."

அப்பாவின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "அவன் வண்டியவே அவனுக்குத் தெரியல!"

"உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

வெளிச்சம் போயிற்று.

"சங்கத்துக்குத் தெரியவே கூடாது" என்றார். "இவ, நீ, நான். மூணு பேரோட போகணும்."

"எங்கண்ணனும் வாயத் திறக்காம இருக்கணும்" என்றாள் அம்மா. "அதுக்கு நீங்க நேர்ல வரணும். கிளம்புங்க."

மாமா வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக உட்கார்ந்து, வாடகைக் கார் மாதிரி ஓட்டினார். கடைசித் திருப்பத்தில் மட்டும் கியரை மாற்றிவிட்டு, "நல்லாத்தான் வச்சிருக்கான்" என்று ஸ்டியரிங்கிடம் சொன்னார்.

மாமாவின் வீட்டு முன்னால் சிமெண்டு போட்ட முற்றம். சுவரோரமாகக் கட்டிவைத்த பெட்டிகள். நடுவில் எங்கள் வண்டி, இன்ஜின் இருக்கும் பின்பக்கம் மூடி இல்லாமல். கீழே ஒரு தட்டில் கார்பரேட்டர் பாகங்கள் வரிசையாக. பக்கத்தில் மாமா, கழுத்தில் மாலையோடு, முழங்கைவரை கருப்பாக.

கேட் வழியாகத் தன்னுடைய கார் உள்ளே வருவதை அவர் பார்த்தார். தனக்கு முன்னால் நின்ற காரைப் பார்த்தார். மறுபடி வருகிற காரைப் பார்த்தார். எழுந்து எங்கள் வண்டியின் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் என்ன நிறம் எரிந்தது என்று தெரியும்.

அப்பா இறங்கி நின்றார். அத்தை வாசலில் வந்து நின்று அம்மாவைப் பார்த்தாள். அம்மா எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

கடைசியில் மாமா தட்டிலிருந்து ஒரு பாகத்தை எடுத்தார்.

"மிதவைய இவ்வளவு மேல யாரு வச்சது?"

"நான்தான்" என்றார் அப்பா. "அங்கதான் இருக்கணும்."

"அங்க இருந்தா பெட்ரோல் வழியும் மாப்பிள்ள. பல்லுக்கு அடைக்கற மாதிரி அடைச்சு வச்சா ஓடுமா?"

"லிஃப்ட்ட நிறுத்தற மாதிரி வண்டிய நிறுத்தத் தெரிஞ்சவருக்கு ஓடறதப் பத்தி என்ன தெரியும் மச்சான்?"

மாப்பிள்ள. மச்சான். அம்மா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"தகர டப்பாவாமே?" என்றார் அப்பா. "கூழாங்கல்லாமே?"

"உங்க கை பட்டதாமே?" என்றார் மாமா. "எந்தக் கை? காட்டுங்க பாப்போம்."

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். முதலில் மாமாவின் மீசை ஆடியது.

"நீங்களாவது விளக்கப் பாத்திருக்கலாமே" என்றார் அப்பா. "மார்க் போடறப்ப மட்டும் அவ்வளவு நல்லாத் தெரிஞ்சுதே."

மாமா கையைத் துணியில் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

"அதுக்கப்புறம் நான் என் வண்டிலகூட அந்த விளக்கப் பாக்கறதில்ல மாப்பிள்ள" என்றார்.

அப்பா சட்டைப் பையிலிருந்து தன் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து, குனிந்து, இன்ஜினுக்குப் பின்னால் நீட்டிப் பார்க்க ஆரம்பித்தார். மாமாவும் குனிந்தார். இரண்டு தலைகளும் ஒரே இன்ஜின் பொந்துக்குள் போயின.

"இது எந்த ஜெட்?"

"விடுங்க, நான் எடுக்கறேன்."

"என் வண்டி, நான் எடுக்கறேன்."

ஜெட் என்பது பெட்ரோல் போவதற்காக நடுவில் ஊசித் துளை போட்ட பித்தளைத் துண்டு. பயறு அளவுதான் இருக்கும். அது இல்லாவிட்டால் வண்டி ஓடாது. தட்டில் கிடந்த அதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தார்கள். அது துள்ளிக் கீழே விழுந்து, சிமெண்டில் ஓடி, காணாமல் போயிற்று.

அப்புறம் முற்றத்தில் பல் டாக்டரும் லிஃப்ட் பரிசோதகரும் நாலு காலில் தவழ்ந்தார்கள்.

"அங்க பாருங்க."

"பாத்தாச்சு."

"நாளைக்கு வீட்ட ஒப்படைக்கணும். இத இங்க போட்டுட்டு நான் எப்படிப் போறது?"

நானும் தேடினேன். பெட்டிகளுக்குப் பின்னால், டயருக்கு அடியில். நிமிர்ந்தபோது ஒன்று தெரிந்தது. வந்ததிலிருந்து அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்த அம்மா இப்போது ஒரே இடத்தில் நின்றாள். ரொம்ப அமைதியாக. வலது கால் அசையவே இல்லை.

பக்கத்தில் போனேன். "அம்மா, கால எடு."

"மாட்டேன்."

"அம்மா!"

"கிடைச்சா மாட்டிட்டு ஆளுக்கொரு வண்டில ஆளுக்கொரு பக்கம் போயிடுவாங்க. நீ சும்மா இரு." பிறகு குரலை உயர்த்தினாள். "ஏங்க, நம்ம வீட்டு டிராயர்ல வேற ஜெட் வச்சிருக்கீங்கல்ல?"

அப்பா தவழ்ந்தபடியே தலையைத் தூக்கினார். "ஆமா, இருக்கு."

"அப்ப அண்ணன் வண்டில போய் எடுத்துட்டு வந்துரலாம். மணி என்ன ஆவுது, யாரும் சாப்பிடல. அண்ணிக்குச் சமைக்கப் பாத்திரம்கூட இல்ல. அப்படியே ஒரு வாய் சாப்டுட்டு வந்து மாட்டுங்க."

மாமா எழுந்தார். முழங்காலைத் தட்டினார். அப்பாவைப் பார்க்காமல், "கூப்பிடாத வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தார்.

அப்பா போய் மாமாவின் காருடைய கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்க மச்சான்."

"என் வண்டில ஏறறதுக்கு என்னையே கூப்பிடறீங்களா?"

"கூப்பிட்டாச்சு இல்ல? ஏறுங்க."

மாமா கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்தார். ஏறினார். ஓட்டுகிறவர் சீட்டில்தான். அப்பா சுற்றிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தை வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் பின்னால் நுழைந்தாள்.

இன்னும் ஒரு ஆளுக்குத்தான் இடம்.

"உன் கால என் கால்கிட்ட கொண்டா" என்றாள் அம்மா உதடு அசையாமல். "மெதுவா. நான் எடுக்கறப்ப நீ வை. நாங்க தெரு தாண்டினதும் எடுத்துப் பத்திரமா வச்சுக்கோ. சாயங்காலம்வரைக்கும் வெளிய காட்டாத."

"நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

"பஸ் இல்லையா?"

அவள் செருப்பு நகர்ந்தது. என் செருப்பு அந்த இடத்துக்குப் போயிற்று. அம்மா தாவணிப் பெண் மாதிரி ஓடிப்போய்க் காரில் ஏறினாள். கதவு ஒரே தடவையில் சாத்திக்கொண்டது. பின் ஜன்னல் வழியாக அப்பாவும் மாமாவும் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. மிதவையைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

சத்தம் தெருமுனையில் திரும்பி அடங்கும்வரை நின்றேன். பிறகு காலை எடுத்தேன்.

சிமெண்டுத் தரை. ஒன்றும் இல்லை.

குனிந்து பார்த்தேன். என் செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். அதிலும் இல்லை. அப்போதுதான் அம்மாவின் செருப்பு ஞாபகம் வந்தது. ரப்பர் செருப்பு. அடியில் பள்ளம் பள்ளமாக இருக்கும். சின்னக் கல் சிக்கினால் ஊசி வைத்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் அதை அவள் உதறிக் கழற்றுவாள். அவளுக்கு முன்னும் பின்னும் அப்பாவும் மாமாவும் இருப்பார்கள். இந்த நேரம்வரை தரையைத் தவிர வேறெதையும் பார்க்காத இரண்டு பேர்.

அவசரமாக அம்மாவுக்குப் போன் செய்தேன்.

எனக்குப் பின்னால், மாமா வீட்டுப் பெட்டி ஒன்றின் மேல், மாலைக்குப் பக்கத்தில், அம்மாவின் போன் அடித்தது.